காதல் வராத ஆளைக் கதையில் எழுதும்போது

முதல் வரிக்கு முன்னால், ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். இவருக்கு யார்மேலாவது உடல் ஈர்ப்பு வருகிறதா? காதல் வருகிறதா? தோளில் சாய்வது, கைகோத்து நடப்பது பிடிக்குமா? கூட ஒருவர் வாழ வேண்டும் என்ற ஆசை உண்டா?

முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் ஏசெக்சுவல். இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் அரோமாண்டிக். இரண்டும் சேர்ந்தே வரவேண்டியதில்லை. காதலில் உருகுகிற ஏசெக்சுவல் உண்டு. உடல் ஆசை இருந்தும் காதலே தோன்றாதவர் உண்டு. பல கதைகள் இங்கேயே சறுக்குகின்றன. நான்குக்கும் ‘இல்லை’ போட்டு ஆளை மரக்கட்டையாக்கிவிடுகிறார்கள். பிரம்மச்சரியத்தோடும் குழப்பாதீர்கள். அது எடுத்த முடிவு, இது இயல்பு.

காரணம் வைக்காதீர்கள். பழைய கொடுமை, காதல் தோல்வி, ஹார்மோன் குறை என்று எதைச் சொன்னாலும், ‘எப்போது சரியாகும்’ என்று வாசகர் காத்திருக்கத் தொடங்குவார்.

அடுத்து நெருக்கடி. கொங்கில் அதற்குப் பஞ்சமில்லை: ஜாதகம் கைமாறும், எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம் என்று விசாரிப்பார்கள், ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்தாலே பேச்சு அங்கேதான் போகும். கேட்பவரை வில்லியாக்க வேண்டாம். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் பெரியம்மா அக்கறையோடுதான் கேட்பார்:

“ஏங்கண்ணு, எப்பத்தான் கண்ணாலச் சோறு போடுவ?”

“எனக்கு அந்த நெனப்பே வரதில்லீங் பெரிம்மா.”

“ஆரையாச்சும் மனசுல வெச்சிருக்கறயா?”

“ஆரும் இல்லீங். அதைத்தான் சொல்றனுங்.”

இதோடு நிறுத்துங்கள். பெரியம்மா அதை ரகசியக் காதல் என்றே எடுத்துக்கொள்வார். பாத்திரத்தின் வாயில் விளக்கவுரை திணித்தால் காட்சி செத்துவிடும்.

நட்புக்குத்தான் அதிகப் பக்கம் கொடுக்க வேண்டும். ‘உயிர்த்தோழிகள்’ என்று எழுதினால் போதாது. பணமும் காகிதமும் உள்ளே வரட்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இருவர் ஒரே அறையில் இருக்கிறார்கள், சேர்ந்து சீட்டுக் கட்டுகிறார்கள், ஒருத்தியின் வளையல் இன்னொருத்தியின் தம்பி படிப்புக்காக அடகில் இருக்கிறது. வங்கிக் கணக்குக்குத் தோழியை நாமினியாகப் போடலாம். பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியில் அப்படி முடியாது: தன்னை நம்பி வாழும் பெற்றோர் இருந்தால் அவர்களும் குடும்பம் என்றே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், குடும்பம் இருக்கும்போது வெளியாளின் பெயர் செல்லாது. அந்தப் படிவத்தை நிரப்பும் ஐந்து நிமிடத்தை மட்டும் எழுதினாலே, இந்த உறவுக்கு ஊரில் என்ன இடம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருந்தால், ‘கடைசியில் சேர்ந்துவிடுவார்கள்’ என்ற எதிர்பார்ப்பு தானாக வரும். மழையில் ஒரே குடை, தற்செயலாகப் பட்ட விரல், பாதியில் நின்ற வாக்கியம் ஆகியவை காதல் கதையின் சைகைகள். அவற்றை எடுத்துவிடுங்கள். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததைப் புறநானூறு பேசுகிறது. அங்கே காதல் தேவைப்படவில்லை. பாத்திரம் தன் நட்பைச் சொல்ல அதை எடுத்தாளலாம். ஔவைக்கு இன்றைய பெயரை ஒட்டுவது மட்டும் வேண்டாம்.

தோழியின் கல்யாணம்தான் இந்தக் கதைகளில் மிகக் கடினமான இடம். பொறாமை என்று சுருக்கிவிடாதீர்கள். அறை வாடகையை இனி யார் பங்கிடுவது, சீட்டு யார் பெயருக்குப் போகும், இரவு எட்டரை மணிக்கு யாருக்குப் போன் செய்வது என்று இழப்பை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பிரிந்த காதலருக்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும், இவளிடம் ‘அடுத்து நீதான்’ என்பார்கள்.

எழுதி முடித்ததும் இந்த இயல்புள்ள இருவரிடமாவது வாசிக்கக் கொடுங்கள். ஒருவரின் வாழ்க்கை இன்னொருவருக்குப் பொருந்தாது. இருவரும் ஒரே வரியில் முகம் சுளித்தால் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.