யோடலிங் பழகலாம்: குரல் உடையும் இடத்தை மறைக்காதீர்கள்

சந்திரபாபு தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்த யோடலிங்கை நானும் பாடிவிட வேண்டும் என்று நான்கு மாதம் உட்கார்ந்தேன். இப்போது வருகிறது. அதில் மூன்று மாதத்தைத் தின்றது ஒரே ஒரு இடம், அதனால் அதைத்தான் நீட்டி எழுதப்போகிறேன்.

பேசும்போது நெஞ்சில் கை வைத்தால் அதிர்கிறதே, அது நெஞ்சுக்குரல். ரயில் ஓட்டி விளையாடும் குழந்தை ‘கூ’ என்று கத்துமே, அது தலைக்குரல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நடுவில் ‘டக்’கென்று ஓர் உடைப்பு கேட்கும். அந்த உடைப்புதான் யோடல். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் வரை கேட்கும்படி கூப்பிட்டது இப்படித்தான்.

முதலில் உங்கள் உடைப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘ஆ’ என்று கீழே ஆரம்பித்து, சத்தத்தைக் கூட்டாமல் மெதுவாக மேலே போங்கள். மகரக்கட்டு உடையும் வயதில் பையன்களுக்குப் பேச்சின் நடுவே நழுவுமே, அதேபோல ஓரிடத்தில் நழுவும். அந்த ஸ்வரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தாவல். உடைப்புக்குக் கீழே ‘ஓ’, மேலே ‘ஈ’. எனக்குச் சுருதி 1 கட்டை, அதாவது கீபோர்டின் C-தான் என் ‘ஸ’. மத்திய ஸ்தாயி பஞ்சமத்தில் (நடு ஸ்தாயி ப) ‘ஓ’, மேல் ஸ்தாயி அந்தர காந்தாரத்தில் (அதற்கு மேலே வரும் க) ‘ஈ’.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கற்றவன், ஸ்வரத்தை இணைத்துப் பாடியே பழகிய தொண்டை. ப-விலிருந்து க-வுக்கு வழுக்கிக்கொண்டு போகும், உடைப்பே கேட்காது. சரி, பலமாகப் பாடினால் வருமோ என்று அழுத்தினேன். நெஞ்சுக்குரலே மேலே ஏறி, கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். வழி திறந்தது ஒருநாள் விக்கல் எடுத்தபோது. விக்கலில் குரல் யார் தள்ளியும் மேலே போவதில்லை, சட்டென்று விட்டுப்போகிறது. அதேபோல, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் சத்தத்தில் ‘ஓ’ பிடித்து, ‘ஈ’ வரும்போது பிடியை விட்டுவிடுங்கள். மேல்குரல் மெலிந்துதான் வரும், வரட்டும். பலம் பின்னால் சேரும்.

ஓ-ஈ-ஓ-ஈ என்று, சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை மாதிரி முதல் காலம், பிறகு இரட்டை வேகத்தில் இரண்டாம் காலம். அது கைவந்தபின் ‘யோ-லா-ஈ, ஓ-லா-ஈ’. தினம் 10 நிமிடம் போதும், தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

கருவி என்றால் தம்பூரா ஆப்பும் போனிலுள்ள சாதா ரெக்கார்டரும்தான். எக்கோ போடும் கரோகே ஆப் வேண்டவே வேண்டாம், அது உடைப்பை மூடிவிடும். சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் பகுதியில் இதற்குச் சுருதி பிடிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மண் கிண்ணத்துக்குள் 5 பிராங்க் நாணயத்தை ஓரமாக உருளவிட்டு, கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள், அது நிற்காமல் ரீங்கரிக்கும். அந்த நாட்டு மலைப்பாட்டில் வரும் மத்யமம் சிலசமயம் நம் சுத்த மத்யமத்துக்கும் (கீழ் ம) பிரதி மத்யமத்துக்கும் (மேல் ம) நடுவில் நிற்கும். ஆல்ப்ஸ் கொம்பு என்ற நீள மர ஊதுகருவியில் இயற்கையாக எழும் ஒலி வரிசையில் 11-வது அது. ஆப்பில் சுருதி பார்த்துத் திருத்தப் போகாதீர்கள்.

அப்டேட்: 5 கட்டையில் (G-யை ‘ஸ’வாக வைத்து) பாடும் பெண்கள் சிலர் உடைப்பே வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். உங்களுக்கு அதே தாவல் ஸ-விலிருந்து சதுஸ்ருதி தைவதத்துக்கு (ப-வுக்கு அடுத்து வரும் த). பாடும்போது ஸ-வையும் தலைக்குரலிலேயே மெல்லப் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாடியிலிருந்து தெருவில் போகிறவரை ‘ஏய்’ என்று கூப்பிடும் குரலில் அந்த ஸ-வைப் பிடித்துவிட்டு அப்புறம் தாவுங்கள்.

இன்னொன்று: மேலே போகிறது, இறங்கும்போது வழுக்குகிறது என்பவர்கள், திரும்பி வரும் ‘ஓ’வுக்கு முன்னால் லேசாக ஒரு ‘ய’ வைத்து ‘யோ’ என்று இறங்கிப் பாருங்கள். எனக்கு வழுக்கல் அதில்தான் நின்றது.