கூட்டத்தைத் திட்டமிடக் கற்பிக்கும் சூழல்வழி இணையப் பயிற்சி: தொடக்கநிலை வடிவமைப்பாளர்களுக்கான செய்முறை

'நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்புங்கள்' என்பது எல்லா மேலாளர்களுக்கும் தெரிந்த அறிவுரைதான். தெரிந்திருந்தும் வேலை நெருக்கடியில் அவர்கள் ஏன் அதைக் கைவிடுகிறார்கள் என்பதே பயிற்சி வடிவமைப்பவர் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல். அந்த நெருக்கடியைத் திரையில் உருவாக்கி, அதற்குள் மேலாளரை முடிவெடுக்க வைப்பதே சூழல்வழிப் பயிற்சியின் வேலை.

படி 1: மாற வேண்டிய செயலை எழுதுங்கள்

'கூட்டத்தின் முக்கியத்துவத்தை உணர்வார்' என்பது கண்ணால் பார்க்க முடியாத நோக்கம். 'அழைப்பு அனுப்பும் முன், கூட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுவார்' என்பது பார்க்கக்கூடியது. இத்தகைய செயல்கள் மூன்றோ நான்கோ போதும்.

படி 2: தவறுகளையும் காரணங்களையும் திரட்டுங்கள்

மேலாளர்களிடம் பேசுங்கள், அவர்கள் நடத்தும் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவர்களிடம் அதைவிடக் கூடுதலாகப் பேசுங்கள். முடிவெடுக்காமலே கலைந்த கூட்டம் எது, யார் வராததால் அப்படி ஆனது, தேவையில்லாதவர்கள் ஏன் அழைக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். 'ஒருவரை விட்டுவிட்டால் மனக்கசப்பு வரும்' போன்ற பதில்கள்தான் உங்கள் மூலப்பொருள்.

படி 3: கற்பவர் முன் வைக்கும் மூன்று விருப்பங்களும் நியாயமாகத் தோன்ற வேண்டும்

ஒரு மென்பொருள் வெளியீட்டை இரண்டு வாரம் தள்ளிப்போடலாமா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குழுவினர் 14 பேரையும் ஒரு மணி நேரத்துக்கு அழைக்கலாம். நெருக்கமாக உழைக்கும் மூவரை மட்டும் அழைக்கலாம். கூட்டமே இல்லாமல் எழுத்தில் கருத்துக் கேட்கலாம். முதல் வழியில் 40 நிமிடங்கள் பணி அறிக்கைகளிலேயே கரைகின்றன. இரண்டாவதில் விரைவாக முடிவு பிறக்கிறது, ஆனால் அழைக்கப்படாத நிதிப் பொறுப்பாளர் மறுநாள் அதை நிறுத்திவைக்கிறார். மூன்றாவதில் முரண்பட்ட பதில்கள் வந்து சேர்கின்றன, தீர்த்துவைக்க ஆளில்லை. எது சரியென்று படித்தவுடன் புலப்பட்டால் நீங்கள் எழுதியது வினாடி வினாதான். சிறந்த விருப்பத்துக்கும் ஏதேனும் ஒரு விலை இருக்க வேண்டும்.

படி 4: விளைவைத் தாமதப்படுத்துங்கள்

இந்தப் பாடப்பொருளில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இதுவே. திங்களன்று அனுப்பும் அழைப்பில் நேர்ந்த பிழை வியாழனன்று கூட்டத்தில்தான் வெளிப்படும் என்பதால், விருப்பத்தைச் சொடுக்கியவுடன் 'தவறு' என்று சிவப்பில் காட்டினால், உண்மையில் நடக்காத ஒன்றைக் கற்பித்தவர்களாகிறோம். யாரை அழைப்பது, நிரலில் எதை வைப்பது, முன்கூட்டிப் படிக்க எதை அனுப்புவது என்ற முடிவுகளையெல்லாம் இடையூறின்றி எடுக்கவிட்டு, பிறகு கூட்டத்தை உரையாடலாக நடத்திக் காட்டுங்கள். அது தடுமாறும் இடத்தில் நிறுத்தி, தமது முடிவுகளில் எது இதற்குக் காரணம் என்று கற்பவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் விளக்கம் அதற்குப் பின்னரே வர வேண்டும்.

படி 5: கிளைகளைக் கட்டுப்படுத்துங்கள்

நான்கு இடங்களில் மும்மூன்று விருப்பங்கள் தனித்தனியே கிளைத்தால் 81 வெவ்வேறு இறுதிக் காட்சிகளை எழுத நேரிடும். யாருக்கும் அவ்வளவு பொறுமை இருக்காது. எல்லாப் பாதைகளையும் அடுத்த கேள்வியில் மீண்டும் ஒன்றுசேர்த்து, 'நிதிப் பொறுப்பாளர் அழைக்கப்பட்டாரா', 'ஆவணம் முன்பே சென்றதா' என்ற விவரங்களை மட்டும் மாறிகளில், அதாவது கற்பவரின் தேர்வைக் கருவி நினைவில் வைத்திருக்கும் இடங்களில், சேமித்துவைத்தால், பின்னால் வரும் கூட்டக் காட்சி அவற்றுக்கேற்ப மாறிக்கொள்ளும்.

படி 6: எளிய முன்வடிவில் சோதியுங்கள்

ட்வைன் என்ற இலவசக் கருவியில் காட்சிகளைப் பெட்டிகளாக இணைத்து, இணைய உலாவியிலேயே இயக்கிப் பார்க்கலாம். படங்களும் குரலும் இப்போது வேண்டாம். சில மேலாளர்களை அருகில் அமர்த்தி, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லியபடி தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அனைவரும் தயக்கமின்றி ஒரே விருப்பத்தைத் தொட்டால் மற்ற இரண்டையும் மாற்றி எழுதுங்கள். அதன் பிறகே நிறுவனத்தின் கற்றல் மேலாண்மைத் தளம் ஏற்கும் ஸ்கார்ம் (SCORM) என்ற பொதுத் தர வடிவத்துக்கு மாற்றுங்கள்; அப்போது மதிப்பெண்ணோடு நிற்காமல், ஒவ்வொருவரும் முதலில் தேர்ந்த விருப்பமும் பதிவாகும்படி அமைத்துக்கொண்டால், அடுத்த திருத்தத்தை எங்கே தொடங்குவது என்பது அந்தப் பதிவிலேயே தெரியும்.