பனியன் கம்பெனியில் லீன்: முதலில் பீஸை எண்ணுங்கள்

திருப்பூரில் இருபது முப்பது மெஷின் போட்டு ஒரு யூனிட் நடத்துகிறீர்கள், பையர் கேட்ட தேதிக்குச் சரக்கு போவதில்லை, ஒவ்வொரு ஆர்டருக்கும் கடைசி வாரம் நைட் ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால் இது உங்களுக்குத்தான். லீன் என்றால் வீணாகிற நேரத்தையும் தேங்கிக் கிடக்கிற சரக்கையும் குறைத்து வேலை செய்கிற முறை. அதைக் கேட்டதும் பலரும் தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள், சுவரில் சார்ட் ஒட்டுவார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் மெஷின்களுக்கு நடுவில் கிடக்கிற பீஸ்களை எண்ணுங்கள்.

லைனுக்குள் 1,200 பீஸ் கிடக்கிறது, மணிக்கு 40 பீஸ் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 30 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டில் இன்று காலை ஏற்றிய பீஸ் நான்காவது நாள்தான் செக்கிங் டேபிளுக்கு வரும். கழுத்து ரிப்பை இழுத்துத் தைத்திருப்பது அங்கேதான் கண்ணில் படும், அதற்குள் அதே தப்போடு நூற்றுக்கணக்கான பீஸ் பின்னால் வந்துகொண்டிருக்கும். இந்தக் கணக்குக்கு லிட்டில் விதி என்று பெயர், ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. உங்கள் யூனிட்டில் போட்டுப் பார்க்க ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

அடுத்து நேரம் எடுப்பது. போனில் ஸ்டாப்வாட்ச் போதும். ஆனால் டெய்லரிடம் எதற்கு எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள், மறைந்து நின்று எடுத்தால் அவர் உங்களை நம்பமாட்டார், நீங்கள் எடுத்த நேரத்தையும் நம்ப முடியாது. பத்துப் பீஸ் பாருங்கள். சராசரி 40 விநாடி, அவர் வேகம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு, 90 சதவீதம் என்றால் 36. அதோடு தண்ணீர் குடிக்க, நூல் மாற்ற, அலுப்புக்கு என 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 41 விநாடி. அந்த 15-ஐ வெட்டி டார்கெட்டை ஏற்றாதீர்கள், அது அவருக்கு உரிய நேரம்.

இப்போது டிமாண்டோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளைக்கு 480 பீஸ் வேண்டும், கையில் 480 நிமிடம், அப்படியானால் 60 விநாடிக்கு ஒரு பீஸ் வர வேண்டும். ஷோல்டர் ஓவர்லாக் 25 விநாடி, ரிப் 45, கை 55, சைடு 50, பாட்டம் பேட்லாக் (அடிமடிப்பைத் தைக்கிற மெஷின்) மட்டும் 75 என்றால், மற்றவர்கள் என்ன பறந்தாலும் ஒரு நாளைக்கு 384 பீஸுக்கு மேல் வராது. உடனே இன்னொரு பேட்லாக் வாங்கக் கிளம்பாதீர்கள். அந்த மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். டெய்லரே எழுந்து போய் பண்டில் (பீஸ் கட்டு) எடுத்து வருகிறாரா, அவரே பீஸைத் திருப்பி நூல் வெட்டுகிறாரா? அதைக் கைமடியிடம், அதாவது டெய்லருக்கு உதவுகிற ஆளிடம், கொடுங்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்த பிறகுதான் புது ஊசி என்ற ரூல் கட்டாயம் இருக்கட்டும், ஆனால் அந்த ஊசிக்காக ஸ்டோர் வரை நடக்க வேண்டாம், சூப்பர்வைசர் கையிலேயே பெட்டி இருக்கலாம். 75-ஐ 60-க்குக் கொண்டுவரப் பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகளே போதும்.

பிறகு மெஷின்களுக்கு நடுவில் தேங்குவது குறைய, பண்டிலை 50-லிருந்து 10 பீஸாகக் குறையுங்கள். இங்கேதான் நிறைய யூனிட்டில் லீன் படுத்துவிடுகிறது, காரணம் கூலி. பீஸ் ரேட்டில் இருப்பவர் தன் மெஷினில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அடித்துக் குவிப்பார், அவர் வீட்டு வாடகை அதில் இருக்கிறது. அவரிடம் போய் “அடுத்த மெஷின் கேட்கும்போது மட்டும் தை” என்று சொல்வது அநியாயம். லைனிலிருந்து நல்ல பீஸாக வெளியே வருவதற்கு மொத்த டீமுக்கும் ரேட் பேசுங்கள், இதுவரை வாங்கியதற்குக் குறையாது என்று முதல் இரண்டு மாதத்துக்கு உறுதி கொடுங்கள். கூலியைப் பேசாமல் பண்டிலை மட்டும் குறைத்தால் ஆள்தான் குறையும்.

பாதி டீம் ஒடிசா, பீகார் என்றால் யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்ற அட்டவணையைப் படம் போட்டு வையுங்கள், இல்லை அவர்கள் மொழியில் எழுதுங்கள். தீபாவளி, சத் பூஜைக்கு ஆள் ஊருக்குப் போகும்போது அதன் அருமை தெரியும்.

ஸ்டைல் மாற்றும்போது நூல் கோன், ஃபோல்டர் (துணியை மடித்துக் கொடுக்கிற மெஷின் பாகம்), அப்ரூவல் சாம்பிள் எல்லாம் பழைய ஸ்டைல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேபிளுக்கு வந்துவிட வேண்டும். மெஷின் நின்ற பிறகு தேடக்கூடாது.

வெளி ஆள் உதவி வேண்டுமானால் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் எம்எஸ்எம்இ லீன் திட்டம் இருக்கிறது, 2023 மார்ச்சில் புதுப்பித்தார்கள், ஆலோசனைச் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். ஆலோசகர் வரும்போது நீங்கள் எண்ணிய பீஸ் கணக்கையும் எடுத்த நேரங்களையும் அவர் கையில் கொடுங்கள், அவர் முதல் நாளே பேட்லாக் பக்கத்தில் போய் நிற்கலாம்.