கூட்டமில்லாத இடங்களுக்குக் கிளம்புவது எப்படி? சென்னையிலிருந்து மூன்று பயணங்கள்

ஊட்டி, ஏற்காடு என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம். பஸ், ரூம், டீக்கடை எல்லாம் இருக்கும். பெயர் அடிபடாத இடங்கள் அப்படியில்லை. மாதம் தப்பினால் பார்க்க ஒன்றும் இருக்காது, கடைசி பஸ்ஸை விட்டால் திரும்ப வழி இருக்காது. அதனால் மேப்பைத் திறப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்.

படி 1: முதலில் மாதம்

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளும் ஓடைகளும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் நிறைகின்றன. அருவி பார்க்க வேண்டுமா? நவம்பர், டிசம்பர். நீர்ப்பறவைக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. நட்சத்திரம் பார்க்க ஜனவரிக்குப் பிறகு. நெட்டில் சுற்றும் அருவிப் படம் எந்த மாதம் எடுத்தது என்று யாரும் போடுவதில்லை. ஏப்ரலில் அதே இடத்தில் வெறும் பாறைதான் இருக்கும்.

கோடையில் காடு வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதரால் அதை முந்த முடியாது.

படி 2: முதல் பயணம் பழவேற்காடு

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட எளிய இடம் இல்லை. கார் வேண்டாம், ரூம் வேண்டாம். சென்ட்ரலின் பெரிய கட்டடத்துக்குள் போய்த் தேடாதீர்கள். பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில்தான் கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்கும். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் அட்டவணை வேறு, முந்தின இரவே பார்த்துவிடுங்கள். பழவேற்காட்டில் கால் வைத்ததும் முதல் வேலை, கடைசி பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்பது. போனில் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம்.

ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி (கடல்நீர் கலந்த ஏரி) இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்க வருகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் வெளிச்சத்தால்தான். காலையில் ஊர்ப்பக்கக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும். பறவைகளெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போய் மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும், இறக்கையின் இளஞ்சிவப்பு அப்போதுதான் கண்ணுக்குப் படும். 8 மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பத்து மணிக்கு மேல் நீர்மேல் அனல் அலையடிக்கும், தூரத்துப் பறவை கலங்கிப்போகும். ஆகவே ஏழரைக்குள் அங்கே இருக்கப் பாருங்கள்.

கரையில் நிழல் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி. வெயில் ஏறியதும் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கின்றன.

படகில் ஏறச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். ஏரி ஆழமில்லாததுபோலத்தான் தெரியும். கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு வேறு மாதிரி. அங்கே குளிக்கவும் இறங்காதீர்கள்.

படி 3: குடியம் குகை

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அந்தப்புறம், அல்லிக்குழி மலையில், கற்கால மனிதர் தங்கிய பாறைக் குகை. நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. வனத்துறை சார்ந்த ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் முன்பதிவு செய்துவிட்டு, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். பாறைச் சுவரை அருகில் பாருங்கள்: முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டைக் கற்கள், கொழுக்கட்டையில் கடலைப்பருப்பு பதிந்ததுபோல் பதிந்திருக்கும். பழைய ஆற்றுக் கற்கள் அவை. இதே கற்கள் உதிர்ந்து பாதையெங்கும் கிடக்கின்றன. காலடியில் உருண்டு கணுக்காலைப் பிசகவைப்பதும் இவைதான். செருப்பு கூடாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

மேலே மலைத்தேனீக் கூடுகள் தொங்கும். சென்ட், சிகரெட், கூச்சல் மூன்றும் கூடாது. முழுக்கைச் சட்டை போடுங்கள். வழிகாட்டி நிறுத்தும் இடத்தைத் தாண்டி செல்ஃபிக்காக ஓரடிகூடப் போகாதீர்கள்.

படி 4: ஒரு இரவு, ஜவ்வாது மலை

ரயிலில் வாணியம்பாடி, அங்கிருந்து பஸ்ஸில் ஆலங்காயம், பிறகு காவலூர். இங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பொதுமக்களை அனுமதிக்கும் நாளும் நேரமும் மாறலாம். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள்.

பலர் பௌர்ணமி பார்த்துத் தேதி குறிக்கிறார்கள், அது தப்பு. நிலா வெளிச்சம் நட்சத்திரங்களை விழுங்கிவிடும். பால்வெளி வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிய நாள். நிலாவின் பள்ளங்களைப் பார்க்க ஆசையென்றால் வளர்பிறை அஷ்டமி. பாதி நிலாவில்தான் பள்ளத்தின் நிழல் நீண்டு விழும். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சம் அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது, அதனால் டார்ச் கண்ணாடியில் சிவப்பு செலோஃபேன் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள்.

மறுநாள் ஜமுனாமரத்தூர், பக்கத்தில் பீமன் அருவி. மழை முடிந்த கையோடு போனால்தான் அருவி, தை பிறந்தால் ஓடைதான். ஊருக்குள் சாமை அரிசியும் தேனும் வாங்கலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் மலை ஏறுமுன் போளூரிலோ ஆலங்காயத்திலோ டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். வளைவுகளில் சிக்னல் போய்விடும். மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்யுங்கள், ஜிபேயை மட்டும் நம்பாமல் பத்து, இருபது ரூபாய் நோட்டாக ஐநூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல் இரண்டாவது கியரில் வாருங்கள். பிரேக் சூடாகிக் கருகின வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.