கோஷஸ் பேடக்கில் டீமன்ஸ் பயிற்சி பார்க்க

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து (AFL) அணியான மெல்போர்ன் டீமன்ஸ் பயிற்சி செய்யும் கோஷஸ் பேடக், மெல்போர்னில் உள்ள பொதுப் பூங்காதான், டிக்கெட் கிடையாது. ரிச்மண்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். டிசம்பர் வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பி அவசியம்.

சீசனுக்கு முந்தைய பயிற்சிக்கு நவம்பரில் முதலில் வருவது இளசுகள். மூத்தவர்களைக் காணோமே என்று பதறவேண்டாம், அவர்களுக்கு விடுமுறை கூடுதல். 2 கிலோமீட்டர் ஓட்டத்தில் யார் முதலில் வந்தார் என்று நம் ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அது வெறும் மூச்சுக் கணக்கு. பந்து கையில் வந்தால் கதையே வேறு.

நான் முதலில் தேடுவது ஓரமாகத் தனியே ஓடுபவர்களை. காயத்திலிருந்து மீள்பவர் நேர்க்கோட்டில் மட்டும் ஓடினால் இன்னும் நாளாகும். சட்டென்று திரும்புகிறாரா, ஓடிக்கொண்டே முழு பலத்தில் உதைக்கிறாரா? அப்படியென்றால் கிட்டத்தட்டத் தயார். தொடையில் கட்டு இருப்பதை மட்டும் வைத்து வதந்தி கிளப்பாதீர்கள். பலர் முன்னெச்சரிக்கையாகவே கட்டிக்கொள்வார்கள்.

கிறிஸ்துமஸ் இடைவேளை முடிந்து, ஜனவரியில் இரு அணியாகப் பிரிந்து ஆடும்போதுதான் உண்மையான விருந்து. நடுவில் பந்தை எறிந்து தொடங்கும்போது வட்டத்தருகே யார் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதுவரை பின்களத்தில் தடுத்தாடியவர் அங்கே அடிக்கடி தென்பட்டால், பயிற்சியாளர் ஏதோ சோதித்துப் பார்க்கிறார். ஒரு நாளை வைத்து மட்டும் முடிவுகட்ட வேண்டாம், மார்ச்சில் சீசன் தொடங்கும் வரை நேரம் இருக்கிறது.