லத்தீனோ பிள்ளைகளோடு உட்கார்ந்து டிவி பார்ப்பது எப்படி

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளோடு டிவி தொடர்கள் பார்த்துப் பேசி வருகிறேன். பெரும்பாலோரின் குடும்பம் மெக்சிகோவிலிருந்தோ எல் சால்வடாரிலிருந்தோ வந்தது. இப்படி லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர் கொண்டவர்களை அமெரிக்காவில் 'லத்தீனோ' என்பார்கள். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன்.

"இது உங்களைச் சரியாகக் காட்டுகிறதா?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேளுங்கள்.

முதல் நாளுக்கு 'ஜேன் தி வர்ஜின்' (2014–2019) நல்லது. அதில் பாட்டி ஆல்பா ஸ்பானிஷில் பேசுவார், பேத்தி ஜேன் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் அது இயல்பு. ஒரு காட்சி ஓடும்போது ஒரு பெண் நிறுத்தச் சொன்னாள். "நானும் என் அபுவேலாவும் (பாட்டியும்) இப்படித்தான். வீட்டுக்கு வெளியே யாரும் இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை" என்றாள். அந்த மாதிரி நேரத்தில் அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். பாட்டியைப் பற்றியே பேசட்டும்.

அப்புறம் 'மாடர்ன் ஃபேமிலி' போடுங்கள். சோஃபியா வெர்காரா நடித்த, கொலம்பியாவிலிருந்து வந்த குளோரியா, ஆங்கிலச் சொற்களை மாற்றி உச்சரிக்கும் காட்சியாகப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள், அவர்களைத் திருத்தப் போகாதீர்கள். குளோரியா யாருக்கும் பயப்படாதவள், அதனால் பிடிக்கும் என்று ஒருத்தி சொன்னாள். நன்றாகச் சிரித்த பையன் கொஞ்ச நேரம் கழித்து, "பேங்கில் அம்மா பேசும்போதும் இப்படித்தான் சிரிக்கிறார்கள்" என்றான். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லோரையும் 'லத்தீனோ' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். எல் சால்வடார் வீடுகளில் 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்பார்கள்; மெக்சிகோக்காரர்கள் 'தூ' என்பார்கள். டிவியில் 'வோஸ்' காதில் விழுவதே அபூர்வம் என்று அந்தப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். இன்னொரு உதாரணம்: 'நார்கோஸ்' தொடரில் கொலம்பியப் போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபாராக நடித்தவர் பிரேசில்காரர், வாக்னர் மௌரா. அவருக்குத் தாய்மொழி போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ் அல்ல. தொடரைக் காட்ட வேண்டாம், வன்முறை அதிகம். இந்தத் தகவலைச் சொன்னாலே விவாதம் சூடுபிடிக்கும்.

சரி, கடைசி அரை மணி நேரத்துக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். ஏதாவது ஒரு போலீஸ் தொடரில் வரும் லத்தீனோ பாத்திரத்துக்குப் பெயர் உண்டா, என்ன வேலை என்று குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம், டிவியில் வராத ஒரு காட்சியை எழுதச் சொல்லுங்கள். இரவில் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு விடியற்காலையில் வரும் அம்மா, பிள்ளைகள் விழித்துவிடாமல் இருக்க வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதை ஒரு பையன் எழுதியிருந்தான்.