செம்பு முலாம் காசு: எரர் எது, அடிபட்டது எது?

அமெரிக்க ஒரு சென்ட் காசில் 1982-க்குப் பிறகு செம்பு வெறும் மேல்தோல்தான். உள்ளே இருக்கும் தட்டில் 99.2 விழுக்காடு துத்தநாகம், 0.8 விழுக்காடு செம்பு. அதன்மேல் ஏறத்தாழ 8 மைக்ரான் கனத்துக்குச் செம்பு முலாம். புழக்கத்துக்கான சென்ட் அச்சடிப்பு 2025-இல் நின்றுவிட்டது; அதுவரை தட்டை வட்டமாக வெட்டிய பிறகே முலாம் போட்டார்கள், அதனால் விளிம்பும் சிவந்திருக்கும். அச்சடித்தது அதற்கும் பிறகு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். முலாம் போடும்போதோ அச்சடிக்கும்போதோ நேர்ந்தது எரர். காசு நாணயக்கூடத்தை விட்டு வெளியேறிய பிறகு நேர்ந்தது சேதம், அது பார்க்க எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சரி.

அதிகம் ஏமாற்றுவது கொப்புளம். முலாமுக்கும் துத்தநாகத்துக்கும் இடையே வாயுவோ அழுக்கோ சிக்கிக்கொண்டால், அச்சு விழும்போது எழும் சூட்டில் அது விரிந்து செம்பை மேலே தள்ளும். காசில் உள்ள லிங்கனின் கன்னத்தில் மருவாகவும், எழுத்துகளுக்கு நடுவே புள்ளியாகவும், சில காசுகளில் கோடு கோடாகவும் தெரியும். LIBERTY-யில் B-க்கும் E-க்கும் நடுவே மேடு தெரிந்தால் உடனே அதை அச்சு உடைவு (அச்சிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்த தடம்) என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. அச்சு உடைவால் வந்த மேடு கெட்டியானது, ஓரம் கூர்மையாக இருக்கும், அதே அச்சில் அடித்த மற்றக் காசுகளிலும் அதே இடத்தில் வரும். கொப்புளத்தின் ஓரம் வழுவழுவென்று சரியும், உள்ளே வெற்றிடம். செலவழிக்கும் காசுதான் என்றால் பல்குச்சியின் முனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் கொப்புளம். ஒன்றிரண்டு சின்னக் கொப்புளங்களுக்கு யாரும் கூடுதல் விலை தரமாட்டார்கள். முகத்தையே மூடும் பெரிய குமிழுக்கு வேண்டுமானால் ஆர்வலர்கள் கொஞ்சம் தருவார்கள்.

இதே கொப்புளத்தோடு துத்தநாக அரிப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து ஈரம் பட்டால், செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் துத்தநாகம்தான் முதலில் கரையும். கரைந்து உண்டாகும் உப்பு இடம் போதாமல் முலாமைப் புடைக்கவைக்கும். லூப்பில் (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தால் மேட்டின் நடுவில் கருப்புப் புள்ளி, சுற்றிலும் வெள்ளைப் பொடி, சில இடங்களில் குழி. இது நாளாக ஆக வளரும். அச்சடித்தபோது வந்த கொப்புளம் வளராது.

அடுத்தது, டபுள்டு டை (அச்சிலேயே உருவம் இரட்டித்துப் பதிந்த எரர்) என்று தவறாக விற்கப்படும் முலாம் பிளவு. அச்சு அழுத்தும்போது உலோகம் எழுத்தின் பள்ளத்துக்குள் பாய்கிறது. மெல்லிய செம்புத்தோல் அந்த அளவுக்கு நீள முடியாமல் எழுத்தின் அடியோரத்தில் கிழிந்து, சாம்பல் நிறத்தில் துத்தநாகப் பட்டை ஒன்று தெரியும். செல்போன் படத்தில் அது எழுத்தின் நிழல் போலவோ இரண்டாவது எழுத்து போலவோ விழும். படத்தை மட்டும் நம்பி வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நேரில் 10 மடங்கு லூப்பை வைத்து, ஒரே விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சுழற்றுங்கள். உண்மையான டபுள்டு டையில் இரண்டு உருவங்களுமே மேடாக, உருண்டையாக, காசின் நிறத்திலேயே இருக்கும்; எழுத்தின் மூலைகள் இரண்டாகப் பிரிந்து தெரியும். முலாம் பிளவில் தட்டையான சாம்பல் கோடு தவிர வேறொன்றும் இராது. 1995-இல் வந்த டபுள்டு டையில் LIBERTY, IN GOD எழுத்துகள் இரட்டித்திருக்கும். 1984-இல் காது மடலுக்குக் கீழே இன்னொரு மடல். அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே அடையாளம் இருக்கும். பிளவோ காசுக்குக் காசு மாறும்.

வெள்ளி போல் மின்னும் சென்ட் கிடைத்தால் எல்லோருக்கும் கை பரபரக்கும். முலாமே ஏறாமல் அச்சுக்குப் போன தட்டுகள் உண்டு, மதிப்பும் உண்டு. ஆனால் சந்தையில் சுற்றும் சாம்பல் காசுகளில் கணிசமானவை வெளியே செய்தவை. அமெரிக்கப் பள்ளி வேதியியல் வகுப்புகளில் சென்ட் காசைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் துத்தநாகப் பொடியோடு சூடாக்கி ‘வெள்ளி’ ஆக்குவார்கள். அதையே தீயில் காட்டினால் துத்தநாகமும் செம்பும் கலந்து பித்தளையாகி ‘தங்கம்’ ஆகிவிடும். மஞ்சளாக மின்னும் சென்ட்களை அரிய எரர் என்று வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வகை, அமிலத்தில் செம்பைக் கரைத்தெடுத்தது.

இங்கே தராசு அதிகம் உதவாது. முலாமின் எடை 0.04 கிராம் அளவுதான். காசின் அனுமதி அளவோ 2.50 கிராமுக்கு 0.10 கூடவோ குறையவோ. முலாம் இல்லாத காசும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். பார்க்க வேண்டியது மேற்பரப்பு. அச்சு நேரடியாகத் துத்தநாகத்தில் விழுந்திருந்தால் நீலம் கலந்த சாம்பல் பளபளப்பு இருக்கும், காசைச் சுழற்றினால் ஒளி சக்கரம் போல் சுற்றிவரும். அமிலம் தின்றதில் மணல் தூவியது போன்ற சொரசொரப்பு, எழுத்தோரம் மழுங்கல். மேலே துத்தநாகம் பூசியதென்றால், பூசிய பிறகு விழுந்த கீறல்களின் அடியில் செம்பு எட்டிப்பார்க்கும்.

தராசு தவிர்க்க முடியாத இடம் 1982. அந்த ஆண்டு பழைய 95 விழுக்காடு செம்புக் கலவையிலும் புதிய துத்தநாகத்திலும் அடித்தார்கள். பழையது 3.11 கிராம், புதியது 2.50. நிறத்தைப் பார்த்துப் பிரிக்க முயலாதீர்கள். 0.1 கிராம் காட்டும் தராசே இதற்குப் போதும். 1982-இல் டென்வரில் அடித்த, D முத்திரையும் சிறிய தேதியும் உள்ள காசு செம்பிலும் இருக்கிறது என்பது 2016-இல்தான் தெரியவந்தது. 1983-இன் செம்புக் காசும் மிக அரிது. இவற்றைத் தேடுபவர்கள் தராசைச் சரிபார்க்கும் எடைக்கல் ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்ளட்டும்.

1943 கதை வேறு. போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் அந்த ஆண்டு எஃகில் துத்தநாகம் பூசி அடித்தார்கள். தவறிப்போய்ச் செம்புத் தட்டில் விழுந்த சில காசுகள் பெருந்தொகைக்குப் போவதால், எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் போட்டு விற்பது பழைய வேலை. காந்தம் ஒட்டினால் அத்தோடு விஷயம் முடிந்தது. ஒட்டவில்லை என்றால் அடுத்து எடை 3.11 இருக்க வேண்டும், பிறகு தேதியின் 3. 1948-இன் 8-ஐச் சுரண்டி 3 ஆக்குவதும் உண்டு. எஃகுக் காசில் இன்னொன்று: தகட்டுக்குத் துத்தநாகம் பூசிய பிறகே வட்டமாக வெட்டினார்கள், அதனால் அசல் காசின் விளிம்பில் எஃகு தெரியும். விளிம்பும் சீராகப் பளபளத்தால் பின்னாளில் மறுபடி முலாம் போட்டது.

காந்தச் சோதனையை எல்லா நாட்டுக் காசுக்கும் ஒரே மாதிரி பயன்படுத்தக் கூடாது. யூரோவின் 1, 2, 5 சென்ட்களும், 1992-இலிருந்து பிரிட்டனின் 1, 2 பென்னிகளும் செம்பு பூசிய எஃகு. அவை ஒட்டுவது இயல்பு. அவற்றில் முலாம் கிழிந்தால் வெளிவருவது வெள்ளைப் பொடி அல்ல, துரு.

கடைசியாக, பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடும் பழக்கத்தைக் காசுக்குக் கொண்டுவராதீர்கள். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே ஊசித் துளை வழியாகத் துத்தநாகம் வரை இறங்கும். காசு இயல்புக்கு மாறான இளஞ்சிவப்பாக மின்னும், பிறகு கொப்புளம் கிளம்பும், விலையும் போகும். பிசுக்கு இருந்தால் தூய அசிட்டோனில் சில நிமிடம் நனைத்து, தேய்க்காமல் உலரவிட்டாலே போதும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள். பிவிசி உறைகளைத் தவிர்த்து மைலார் (பாலியெஸ்டர்) உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நம்மூர்க் கடற்கரை ஈரத்தில் ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.